தியாகம் செய் என்றால் பிள்ளை ஏன் தலையை மட்டும் ஆட்டுகிறான்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. நல்ல பையன்தான். ஆனால் இரவு ஒரு மணி வரை கைப்பேசியில் கேம் விளையாடுகிறான். "இந்த ஒரு வருடம் தியாகம் செய், அப்புறம் வாழ்நாள் முழுக்க நிம்மதி" என்று தினமும் சொல்கிறேன். தலையாட்டுகிறான், அவ்வளவுதான். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவனுக்குப் புரியாமல் இல்லை, அம்மா. கேட்டுப் பாருங்கள், நீங்கள் சொல்வதை வரி பிசகாமல் ஒப்பிப்பான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவனைச் சொல்கிறேன். கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். தேர்வுக்காக ஆறு மாதம் பந்தைத் தொடவில்லை. "பரீட்சை முடியட்டும், ஆசை தீர விளையாடு" என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்தான். மறுநாள் காலையே அடுத்த வகுப்புக்கான டியூஷன் தொடங்கிவிட்டது. பூட்ஸைத் தேடினால், தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில். "இனிமே எதை விட்டாலும் திரும்பி வராது சார், அதான் எதையும் விடறதில்லை" என்றான். அவன் சோம்பேறி இல்லை. அனுபவத்தில் கணக்குப் போட்டிருக்கிறான்.

இந்தக் கணக்கைச் சின்னக் குழந்தைகளே போடுவார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த ஒரு சோதனை 2013-இல் வெளியானது. சிறு குழந்தைகளிடம், "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்றார்கள். பாதிப் பேருக்குக் கொண்டு வந்தார்கள். மீதிப் பேரிடம் "மன்னித்துவிடு, இல்லை" என்று கையை விரித்தார்கள். பிறகு எல்லோர் முன்பும் ஒரு மிட்டாய். சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். பொறுமை பிறவிக் குணம் என்று நினைக்கிறோம். பெரியவர்களின் சொல் எவ்வளவு தேறும் என்பதும் அதில் பாதி.

அதனால் முதல் வேலை உங்களுடையது. இதுவரை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவற்றில் ஒன்றையாவது இந்த வாரமே நிறைவேற்றுங்கள். தியாகம் என்ற சொல்லையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். அதற்குத் திரும்பி வரும் தேதி கிடையாது. "மார்ச் வரை தள்ளிவைப்போம், அதன்பின் இரண்டு வாரம் முழுக்க உன்னுடையது" என்றால் தேதி இருக்கிறது. அந்தத் தேதி வரும்போது நீங்கள் மாறக்கூடாது, மதிப்பெண் எப்படி வந்திருந்தாலும் சரி.

அடுத்தது, அவன் எதை விட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். நள்ளிரவில் அவன் தனியாகவா விளையாடுகிறான்? பெரும்பாலும் மறுமுனையில் வகுப்புத் தோழர்கள் இருப்பார்கள். நீங்கள் விடச் சொல்வது விளையாட்டை. அவன் காதில் விழுவது "நண்பர்களை விடு" என்று. இந்த வயதில் அது சாதாரண விலை இல்லை. 2005-இல் வெளியான ஆய்வில் கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது 13 முதல் 16 வயதினர் தனியாக இருப்பதைவிட நிறைய ஆபத்தைத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. தன்னை அடக்கி, யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் நள்ளிரவு நேரத்து உறுதியை மட்டும் நம்பி அவனை விட்டுவிடாதீர்கள். முடிவைப் பகலிலேயே, மனம் அமைதியாக இருக்கும்போது எடுக்க வைக்கலாம்.

எப்படி? "இனி கவனமாக இருப்பேன்" என்ற உறுதிமொழி நிற்காது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவுகட்டி வைப்பது நன்றாக நிற்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் காட்டியிருக்கிறார். "பத்து மணி ஆனதும் கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜில் போடுவேன்" என்பது அந்த மாதிரி. நண்பர்கள் "இன்னும் ஒரே ஒரு மேட்ச்டா" என்றால் என்ன பதில் சொல்வது என்பதையும் அவனே யோசித்து வைத்திருக்கட்டும். தயாராக ஒரு வரி இல்லாமல்தான் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். நேரத்தை அவனே சொல்லட்டும். நீங்கள் ஒன்பதரை நினைத்திருந்து அவன் பத்தரை என்றால், பத்தரையில் தொடங்குங்கள். உங்கள் கைப்பேசியும் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போக வேண்டும்.

சில நாள் தவறுவான். அப்போது பழைய கணக்கையெல்லாம் கிளறாமல், "எந்த இடத்தில் கஷ்டமாகிவிட்டது?" என்று மட்டும் கேளுங்கள். நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தப் பரீட்சைக்காகவும் விடச் சொல்லாதீர்கள்: தூக்கம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. விளையாட்டை நிறுத்தி, அதே ஒரு மணி வரை புத்தகத்தோடு உட்காரவைத்தால் படித்தது மனதில் தங்காது. வாரக்கணக்கில் அவன் யாரோடும் பேசாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு மாற்றம் போதும். எது என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்வது உங்கள் பட்டியலில் பத்தாவது இடத்தில் இருந்தாலும், "சரி, அதிலிருந்தே தொடங்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.