கோடைப் பயிற்சி, ஹெலிகாப்டர் ஸ்குவாட்ரன் – கடிதம்

வணக்கம் அண்ணா,

நீங்க அமெரிக்க நேவில இருந்ததை வெச்சு எழுதுறதை எல்லாம் தொடர்ந்து படிக்கிறேன். நாங்க டல்லாஸ் பக்கம் இருக்கோம். பொண்ணு காலேஜ்ல என்.ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்ல (படிச்சுக்கிட்டே நேவி அதிகாரியாகப் பயிற்சி எடுக்கிறது) படிக்கிறா, வர்றது கடைசி வருஷம். இந்த சம்மர் குரூஸுக்கு, அதாவது நேவியோட கோடைப் பயிற்சிக்கு, ஏவியேஷன் கேட்டிருந்தா, சான் டியாகோல ஒரு ஹெலிகாப்டர் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) கிடைச்சிருக்கு. அவளுக்குத் தலைகால் புரியல, எனக்குத்தான் தூக்கம் வரல. கார் பின்சீட்ல உக்காந்தாலே வாந்தி எடுக்கிறவ. நிஜமாவே பறக்க விடுவாங்களா, பாதுகாப்பா இருக்குமா, ஆம்பளைங்க நிறைய இருக்கிற இடத்துல எப்படி நடத்துவாங்க, அவ என்ன எதிர்பார்த்துப் போகணும்? எங்க சொந்தத்துல ராணுவம் பக்கமே யாரும் போனதில்ல, கேக்க ஆளில்ல, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

ஒரு அம்மா, டெக்ஸஸ்

*

வணக்கம்மா,

முதல்ல உங்க பொண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க. நான் விமானி இல்ல, அது உங்களுக்கே தெரியும், க்ரீன் கார்டோட மாலுமியா சேந்து ஹெலிகாப்டர் மெயின்டனன்ஸ்ல இருந்தவன். அதனால நான் சொல்றது எல்லாம் ஹேங்கர் தரையில நின்னு பாத்தது. ஒவ்வொரு சம்மரும் மிட்ஷிப்மேன் பிள்ளைங்க, அதாவது உங்க பொண்ணு மாதிரி அதிகாரிப் பயிற்சில இருக்கிறவங்க, எங்க ஸ்குவாட்ரனுக்கு வருவாங்க, யார் கத்துக்கிட்டுப் போறாங்க, யார் போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போறாங்கன்னு கீழ வேலை பாக்கிற எங்களுக்குச் சீக்கிரமே தெரிஞ்சிடும்.

பறக்க விடுவாங்களான்னு கேட்டீங்க. பெரும்பாலும் விடுவாங்க. ஆனா பறக்கிறது அந்த நாலு வாரத்துல ரொம்பக் கொஞ்ச நேரம்தான், இதை அவகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க, இல்லன்னா முதல் வாரத்துலயே மனசு விட்டுடும். மெடிக்கல் கிளியரன்ஸ் பேப்பர் கையில இருக்கணும், அது இல்லாம போற பிள்ளைங்க தரையிலயே நிக்கிறதைப் பாத்திருக்கேன். அப்புறம் மறுநாள் யார் யார் எந்த ஹெலிகாப்டர்ல எத்தனை மணிக்குன்னு ஒரு ஃப்ளைட் ஷெட்யூல் முந்தின சாயங்காலமே சிஓ, அதாவது ஸ்குவாட்ரன் தலைவர், கையெழுத்தோட வரும், அதுல பேர் இருக்கணும். பேர் இருந்தாலும் சான் டியாகோல ஜூன் மாசம் காலைல கடல்ல இருந்து மேகம் தாழ வந்து மூடிக்கும், பதினோரு மணி வரைக்கும் விலகாது. விலகினப்புறம் மெஷின்ல ஒரு லீக்னு சொல்லி நிறுத்திடுவாங்க. நாள் பூரா ஃப்ளைட் சூட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்து பறக்காமலே ரூமுக்குப் போற நாள் வரும், அது விமானிங்களுக்கும் வரும், அவங்க முகம் சுளிக்காம அடுத்த வேலையைப் பாப்பாங்க, அவளும் அதைப் பழகிக்கணும்.

போன வருஷ குரூஸ்ல அவளை ஒரு மாலுமியோட கோத்து விட்டிருப்பாங்க. இந்தத் தடவை ஒரு இளம் அதிகாரியோட, லெஃப்டினன்ட் யாராவது இருப்பாங்க. அவங்க நாள் எப்படிப் போகுதுன்னு பக்கத்துல இருந்து பாக்கத்தான் இந்தப் பயிற்சியே. சினிமா பாத்துட்டு வர்ற பிள்ளைங்களுக்கு இங்கதான் அதிர்ச்சி, ஏன்னா அந்த லெஃப்டினன்ட்டுக்குப் பறக்கிறது பாதி வேலை கூட இல்ல. ஸ்குவாட்ரன்ல ஒவ்வொரு விமானிக்கும் ஒரு தரை வேலை உண்டு, ஒருத்தர் ஷெட்யூல் போடுவார், ஒருத்தர் இருபது முப்பது மெக்கானிக் இருக்கிற ஒரு டிவிஷனுக்குப் பொறுப்பு. அந்த டிவிஷன்ல ஒரு பையனுக்குக் கடன் தொல்லை, ஒரு பொண்ணுக்குக் குழந்தை பொறக்கப் போகுது, இன்னொருத்தன் ப்ரமோஷன் பேப்பர் எங்கயோ மாட்டிக்கிச்சு, இதெல்லாம் அந்த இருபத்தஞ்சு வயசு அதிகாரி தலையில. பறந்துட்டு வந்து ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சதும் இதைத்தான் பாக்கணும்.

அதனால நான் அவளுக்குச் சொல்ல நினைக்கிற ஒரே விஷயம் இதுதான்: ரெடி ரூம்லயே (விமானிங்க கூடி உக்காருற அறை) உக்காந்திருக்காம கீழ ஹேங்கருக்கு வரணும். லெஃப்டினன்ட்கிட்ட கேட்டா அனுப்பி வைப்பாங்க, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. காலைல ஃபாட் வாக் நடக்கும், ஃப்ளைட் லைன் (ஹெலிகாப்டர் வரிசையா நிக்கிற இடம்) முழுக்க ஆளுங்க தோளோட தோள் நின்னு வரிசையா குனிஞ்சு நடந்து ஒரு கல்லு, ஒரு ஸ்க்ரூ, பேப்பர் கிளிப் எது கிடந்தாலும் பொறுக்குவாங்க, இஞ்சின் உள்ள இழுத்துட்டா அவ்வளவுதான். அதுல அவளும் போய் நிக்கட்டும், தள்ளி நின்னு பாக்க வேண்டாம். அப்புறம் டூல் பாக்ஸைக் காட்டச் சொல்லட்டும். ட்ராயரைத் திறந்தா உள்ள ஸ்பாஞ்சுல ஒவ்வொரு டூலோட உருவத்துக்கும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், ஸ்பேனர் எடுத்தா அந்தப் பள்ளம் காலியாத் தெரியும், வேலை ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணிக் கையெழுத்துப் போடணும். ஒரு சின்ன சாக்கெட் காணோம்னா ராத்திரி ஒரு மணியானாலும் சரி, அது கிடைக்கிற வரைக்கும் அந்த ஹெலிகாப்டர் பறக்காது, கர்னலுக்குச் சமமான அதிகாரி வந்து நின்னாலும் பறக்காது. டார்ச் லைட்டோட தரையில படுத்து நாங்க எல்லாரும் தேடியிருக்கோம்.

ப்ளேன் கேப்டன்னு ஒருத்தர் இருப்பாங்க. பேரைக் கேட்டா பெரிய அதிகாரின்னு தோணும், பாத்தா பத்தொம்பது வயசுப் பிள்ளையா இருக்கும், பிரவுன் ஜெர்சி, கையில எண்ணெய்க் கறை. பறக்கிறதுக்கு முன்னாடி மெஷினைத் தலை முதல் வால் வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பாத்து இது சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுறது அந்தப் பிள்ளைதான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் விமானி ஏறி உக்காருறாங்க. உங்க பொண்ணு அந்த ப்ளேன் கேப்டனோட ஒரு முழு ஷிஃப்ட் இருந்தா, நாளைக்கு அதிகாரியா வரும்போது யாரை மதிக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. சீஃப்னு மூத்த மாலுமிங்க இருப்பாங்க, அவங்களை எப்பவும் சீஃப்னுதான் கூப்பிடணும், அவங்க சொல்றதைக் குறுக்கப் பேசாம கேக்கணும், பதினஞ்சு இருபது வருஷம் இதே வேலை பாத்தவங்க அவங்க.

பாதுகாப்பு பத்தி. ஆபத்தே இல்லன்னு சொன்னா அது பொய், உங்ககிட்ட அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த அமைப்பு எங்க இருந்து எங்க வந்திருக்குன்னு தெரிஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். 1954ல ஒரே வருஷத்துல நேவியும் மரைன் கோரும் சேந்து 776 விமானத்தை இழந்தாங்க, 535 பேர் செத்தாங்க. அந்தக் காலத்துலதான் பழுது பாக்கிறது, பயிற்சி, கப்பலோட ஓடுதளத்தைக் கோணலா அமைக்கிறதுன்னு ஒவ்வொண்ணா மாத்தினாங்க, 1961ல நேட்டாப்ஸ்னு எல்லா விமானத்துக்கும் ஒரே மாதிரி நடைமுறையை எழுதி வெச்சாங்க. இன்னைக்கு ரெடி ரூம்ல அந்த புக்தான் வேதம். பறக்கிறதுக்கு முன்னாடி பிரீஃப், வந்ததும் டிபிரீஃப், அந்த டிபிரீஃப்ல சீனியர் ஜூனியர் பாக்காம யார் என்ன தப்பு பண்ணாங்கன்னு நேரா பேசுவாங்க. அவ ஒரு ஓரமா உக்காந்து இதைக் கேக்கணும், இவ்வளவு நேர்மையா ஆளுங்க தங்களைப் பத்தியே பேசுறதை வேற எந்த வேலையிலயும் நான் பாத்ததில்ல.

தண்ணிப் பயிற்சி இருக்கும்னு யாராவது சொல்லி பயமுறுத்தியிருப்பாங்க. ஏவியேஷனுக்கே வந்தா அது கண்டிப்பா உண்டு, குரூஸ்ல இருக்குமான்றது ஸ்குவாட்ரனைப் பொறுத்தது. ஹெலிகாப்டர் கேபின் மாதிரி ஒரு கூண்டுல பெல்ட் போட்டு உக்கார வெச்சு நீச்சல் குளத்துல இறக்கித் தலைகீழா கவுத்துடுவாங்க. ஒரு கையால ஜன்னல் விளிம்பையோ சீட்டையோ பிடிச்சுக்கணும், கூண்டு அசையறது முழுசா நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம்தான் பெல்ட்டைக் கழட்டணும். அவசரப்பட்டு முன்னாடியே கழட்டினா எது மேல எது கீழன்னு தெரியாம போயிடும். டைவர்கள் பக்கத்துலயே இருப்பாங்க. நீச்சல் சுமாரா இருந்தா இப்பவே தினமும் பூலுக்குப் போகச் சொல்லுங்க.

வாந்திக்கு வெக்கப்பட வேண்டாம். விமானிப் பயிற்சில நிறைய பேருக்கு முதல்ல வரும், ஃப்ளோரிடால நேவி விமானிப் பயிற்சி நடக்கிற பென்சகோலால சுத்துற நாற்காலில உக்கார வெச்சு உடம்பைப் பழக்குறதுக்குன்னே ஒரு திட்டம் வெச்சிருக்காங்க. வெறும் வயித்தோட ஏறக்கூடாது, பிஸ்கட், வாழைப்பழம் மாதிரி லேசா ஏதாவது சாப்பிடணும், ஹெலிகாப்டர் பின்னாடி கேபின்லதான் பெரும்பாலும் உக்கார வெப்பாங்க, அங்க போனையோ பேப்பரையோ குனிஞ்சு பாக்காம கதவு வழியா தூரத்துல கடல் வானத்தைத் தொடுற கோட்டைப் பாக்கணும். வாந்திப் பை கைக்கெட்டுற ஜேப்ல இருக்கட்டும், வந்தா அதுல எடுத்துட்டு தானே கொண்டுபோய்ப் போட்டுட்டா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ஆனா நீங்க வீட்ல இருந்து மாத்திரை குடுத்து அனுப்பாதீங்க, ஃப்ளைட் சர்ஜனை (விமானிங்களைப் பாக்கிற நேவி டாக்டர்) கேக்காம சளி மாத்திரை கூட போடக்கூடாது. அவளுக்கு 21 ஆகியிருந்தாலும் பிரீஃபுக்கு முந்தின 12 மணி நேரம் ஒரு சொட்டு பீர் கூடாது. ஃப்ளைட் சூட்டுக்கு உள்ள போடுறது எல்லாம் காட்டன்தான், பாலியஸ்டர் தீப்பிடிச்சா உருகித் தோல்ல ஒட்டிக்கும்.

பொண்ணுங்க விஷயம். 1974லதான் அமெரிக்க நேவில முதல் தடவையா பொண்ணுங்க விமானி விங்ஸ் (பயிற்சி முடிச்சதும் குடுக்கிற இறக்கை பேட்ஜ்) வாங்கினாங்க, போர் விமானத்துல தடை போனது 1993ல. நம்ம ஊர்ல எல்லாரும் விண்வெளிக்காகக் கொண்டாடுற சுனிதா வில்லியம்ஸ் 1987ல நேவல் அகாடமி முடிச்சு நேவி ஹெலிகாப்டர் ஓட்டினவங்கதான். இன்னைக்கும் பொண்ணுங்க குறைவு, ஆனா புதுசு இல்ல. பயிற்சிக்கு வந்த மிட்ஷிப்மேனோட ஸ்குவாட்ரன் அதிகாரி யாரும் டேட்டிங் அது இதுன்னு போக விதி இடம் குடுக்காது. ஏதாவது ஒரு பேச்சு, ஒரு பார்வை சரியில்லன்னு பட்டா சகிச்சுக்கிட்டு இருக்காம மிட்ஷிப்மேனைக் கவனிக்கிற கோஆர்டினேட்டர்கிட்டயோ அவ யூனிட் அதிகாரிகிட்டயோ அன்னைக்கே சொல்லணும். பேர் கெட்டுடும்னு பயந்து மறைக்காதேன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க, அம்மா சொன்னா அது வேற.

நீங்க கேக்காத ஒண்ணு. விமானியா தேர்வானா விங்ஸ் வாங்கின நாள்ல இருந்து 8 வருஷம் வேலை பாக்கணும், நேவல் ஃப்ளைட் ஆபீசரா (விமானம் ஓட்டாம அதுல இருக்கிற கருவிகளை இயக்குற அதிகாரி) இருந்தா 6 வருஷம். பயிற்சியே ரெண்டு வருஷத்துக்கிட்ட, சில சமயம் மேலயும் போகும். கணக்கு போட்டுப் பாத்தா அவ வெளில வரும்போது முப்பத்திரண்டு முப்பத்தி மூணு ஆயிடும், நடுவுல மாசக்கணக்கா கப்பல்ல இருப்பா. கல்யாணம், குழந்தை எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளதான் வரணும். இதை அவ வீட்ல உக்காந்து யோசிக்கிறதை விட அங்க இருக்கிற பொண்ணுங்ககிட்ட, குழந்தையை வீட்ல விட்டுட்டுக் கடலுக்குப் போயிட்டு வந்தவங்ககிட்ட நேரா கேக்கட்டும். நாலு வாரத்துல அவளுக்கு மத்தது எது கிடைக்கலன்னாலும் இந்தப் பதில் கிடைக்கணும்.

கண்ணாடி போட்டிருக்காளான்னு நீங்க எழுதல. போட்டிருந்தா கதவு சாத்திடாது, லேசர் பண்ணிக்கிட்டு பறக்கிறவங்க இருக்காங்க, ஆனா நேவி டாக்டரைக் கேக்காம வெளில போய் பண்ணிக்கவே கூடாது. ஏவியேஷனுக்கு ஆள் எடுக்க நேவி வைக்கிற ஏ.எஸ்.டி.பி. தேர்வை வாழ்நாள்ல மூணு தடவைதான் எழுத முடியும், அதனால சும்மா ஒரு தடவை பாக்கலாம்னு உக்கார வேண்டாம்.

அங்க இருக்கும்போது மணிக்கணக்கா போன் எடுக்க மாட்டா, ஃப்ளைட் லைன்ல போன் கூடாது, பறந்தா இன்னும் நேரமாகும். பயந்துடாதீங்க. ஸ்குவாட்ரன்ல இருக்கிற ஹெலிகாப்டர் வகை ரோமியோவா சியராவான்னு அவகிட்ட கேட்டு எழுதுங்க. ரோமியோன்னா நீர்மூழ்கி தேடுறது, சியரான்னா கடல்ல விழுந்தவங்களைத் தூக்குறது, கப்பலுக்குக் கப்பல் சாமான் கொண்டுபோறது, வேலையே வேற. எதுன்னு தெரிஞ்சா கிளம்புறதுக்கு முன்னாடி எதைப் படிச்சுட்டுப் போகணும்னு தனியா எழுதுறேன்.