அப்பாவை எந்தக் கப்பலுக்குக் கூட்டிச் செல்வது?

தம்பி, புதுக்குடியிருப்பிலிருந்து இலண்டன் வந்து ஓராண்டுகூட ஆகாத நீங்கள், விசிட் விசாவில் வரவிருக்கும் உங்கள் அப்பாவைத் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் பழைய போர்க்கப்பலுக்கு அழைத்துச் செல்லலாமா, கடலிலிருந்து ஷெல் வந்து விழுந்ததைக் கண்டவருக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு முள்ளியவளை வந்திருக்கும் நான், என் அப்பாவின் தச்சுப் பட்டறைத் திண்ணையில் இருந்துகொண்டு, அவரையும் கேட்டே இதை எழுதுகிறேன்.

நானும் அவரை முதலில் அதே பெல்ஃபாஸ்ட் கப்பலுக்குத்தான் கூட்டிச் சென்றேன். 1938இல் நீரில் இறக்கப்பட்டு, 1944இல் நோர்மண்டிக் கரையை நோக்கிச் சுட்ட கப்பல் அது. அதன் முன்புறப் பீரங்கிகள் ஏறத்தாழ 12 மைல் தொலைவில், நெடுஞ்சாலையோரம் உள்ள ஓய்விடம் ஒன்றுக்குக் குறிவைத்தபடி நிற்பதை நான் வேடிக்கையாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து உள்ளே வருபவர்போல, "வற்றாப்பளை, தண்ணீரூற்று, முள்ளியவளை" என்று விரல் மடித்து எண்ணிவிட்டு, கீழ்த்தளங்களைப் பாராமலே வெளியே போவோம் என்றார். நுழைவுச்சீட்டுக் காசை நினைத்து எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

சில கிழமைகள் கழித்து, வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள ஹாட்டில்பூல் துறைமுகத்துக்குப் போனோம். அங்கே மிதக்கும் பாய்மரப் போர்க்கப்பலின் பெயரே ட்ரிங்கோமலி. 1782இல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சமரின் நினைவாக இட்ட பெயர். போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், பம்பாயில் வாடியா குடும்பத்தார் இந்தியத் தேக்கில் கட்டி, 1817இல் நீரில் இறக்கிய கப்பல் அது. முதிரை, பாலை மரங்களை இழைத்தே வாழ்நாளைக் கழித்த அப்பா, உள்ளே நுழைந்ததும் உத்தரமொன்றில் உள்ளங்கையை வைத்து, பின் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனார். பொருத்தொன்றுக்குள் பெருவிரல் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நகம் போகவில்லை. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரித்துவிடும், தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும் என்று நான் வாசித்திருந்ததைச் சொன்னபோது, "அது எங்களுக்குத் தெரியாதோ" என்றார். பீரங்கிகள் அங்கும் உண்டு. அவர் குனிந்து பார்த்தது அவற்றின் மரச் சில்லுகளை.

கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் மூன்று மணி நேரம் அளவில் ஆகும். கீழ்த்தளத்துக் கூரை தாழ்வானது, படிகள் செங்குத்தானவை, வடகடல் காற்று கோடையிலும் கடுமையானது. ஆகவே உங்கள் அப்பாவின் முழங்காலையும் கம்பளிச் சட்டையையும் கவனித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பீரங்கி வெடித்துக் காட்டும் நிகழ்ச்சி உண்டா என்பதை வாசலிலேயே விசாரித்துவிடுங்கள். இருந்தால், அந்த நேரத்துக்கு அவரைத் தேநீர் குடிக்கக் கூட்டிச் செல்வது நல்லது.

இதை வாசித்துக் காட்டியபோது, உங்கள் அப்பா என்ன தொழில் செய்தவர் என்று கேட்கச் சொன்னார் என் அப்பா. மரவேலை தெரிந்தவர் என்றால், அந்தப் பொருத்துகளைப் பார்க்க ஒரு பகல் போதாதாம்.