‘கத்தியின்றி ரத்தமின்றி’ யார் பாட்டு?

பாரதி பாட்டு இல்லை, நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையுடையது. உங்கள் மகளின் பேச்சுத்தாளில் ‘பாரதி பாட்டு’ என்று எழுதியிருப்பதால், அங்கே பெயரை மாற்றிவிடுங்கள். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில், ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த தொண்டர்கள் வழியெல்லாம் பாடிப்போனது இது. பாரதி 1921-லேயே காலமாகிவிட்டார்.

ஆகஸ்ட் 15-க்கு அச்சடிக்கும் பாட்டுத்தாள்களில் பெயரே போடாமல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவார்கள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கும்.

சந்தேகமிருந்தால் பாரதியார் கவிதைகளில் ‘தேசிய கீதங்கள்’ பகுதியைப் புரட்டுங்கள். அங்கே இது இருக்காது.

ஒன்று மட்டும்: வரியை வைத்து வருடம் கணிக்காதீர்கள். ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ 1947-க்குப் பிந்தியது போலத் தோன்றும். அது பாரதியேதான்! வெள்ளைக்காரன் இருக்கும்போதே பாடிவிட்டார் மனுஷன்.