சின்ன ஊரில் புதிதாகத் தையல் கடை வைக்கிறேன். பிளவுஸுக்குக் கூலி எவ்வளவு வைக்கலாம்?

பக்கத்துக் கடையில் 350 ரூபாய் என்று கேள்விப்பட்டு, 300 என்று பலகை எழுதிவிடாதீர்கள். அந்த 350-க்குள் லைனிங் துணி உண்டா, கொக்கி வைப்பது யார், கடை சொந்தமா வாடகையா என்பது தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்பதில் இருந்து தொடங்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை 4,000, கரண்ட் 600, நூல், ஊசி, எண்ணெய் 700. தையல் மெஷினும் ஓவர்லாக்கும் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) சேர்த்து 42,000 என்றால், ஐந்து வருடத்துக்குப் பிரித்து மாதம் 700. மொத்தம் 6,000. உங்கள் சம்பளம் 15,000 (இதை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம்). ஆக 21,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம் வரும். ஆனால் அளவு எடுப்பது, டிசைன் பேசுவது, மேட்சிங் லைனிங் தேடி அலைவது எல்லாம் போக, வெட்டவும் தைக்கவும் 125 மணி நேரம் கிடைத்தால் பெரிது. 21,000-ஐ 125-ஆல் வகுத்தால் 168, அதாவது மணிக்குச் சுமார் 170 ரூபாய்.

இனி லைனிங் வைத்த சாதா பிளவுஸ் ஒன்றை செல்போனில் நேரம் பார்த்துத் தையுங்கள். வெட்ட 25 நிமிடம், தைக்க 90, ஹெம்மிங்கும் கொக்கியும் 30, அயர்ன் 5 என்று வைப்போம். இரண்டரை மணி நேரத்துக்கு 425 ரூபாய். லைனிங் 50, கொக்கி, கேன்வாஸ் 15. மொத்தம் 490. ஊரில் இது எடுபடாது என்றால் விலையை வெட்டாதீர்கள், நிமிடத்தை வெட்டுங்கள். ஹெம்மிங், கொக்கி வேலையை அக்கம்பக்கத்தில் வீட்டிலிருந்தே செய்பவரிடம் பிளவுஸுக்கு 40 ரூபாய் என்று கொடுத்தால் உங்களுக்கு 85 ரூபாய் பெறுமான நேரம் மிச்சம். நாலைந்து பிளவுஸை ஒரே மூச்சில் மார்க் செய்து வெட்டினால் 25 நிமிடம் 15 ஆகும். இப்போது உங்கள் நேரம் 110 நிமிடம், 312 ரூபாய். வெளிக்கூலி 40, பொருள் 65 சேர்த்து 417.

பிடித்துத் தைக்க, பிரித்து விடத் திரும்பி வருவதும் செலவுதான். பத்தில் இரண்டு வந்து, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் போனால், பிளவுஸுக்கு 4 நிமிடம், 11 ரூபாய். ஆக 430. லைனிங் அவர்களே கொண்டுவந்தால் 380. காட்டன் லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி தொங்கி, குறை உங்கள் தலையில் விழும்.

இந்தக் கூலியில் 15,000 கையில் நிற்க மாதம் 65 பிளவுஸ் வேண்டும். தொடக்கத்தில் அவ்வளவு வராது. அதற்காகக் கூலியைப் பாதியாக்கினால், அந்தப் பாதிதான் உங்கள் விலை என்று ஊரில் நிலைத்துவிடும். சலுகை தர வேண்டுமானால் முதல் மாதம் இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் ஒரு புடவைக்கு ஃபால்ஸ் இலவசம் என்று கொடுங்கள், பலகையில் இருக்கும் எண் மாறாது. காலி நேரத்தை நைட்டி, ஸ்கூல் யூனிஃபார்ம், ஆல்டரேஷன் வைத்து நிரப்பலாம். “ஒரு தையல்தானேம்மா” என்று வரும் வேலைக்கும் குறைந்தது 30 ரூபாய் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கூடுதல் வேலைகளுக்கும் இதே நிமிடக் கணக்குதான். பைப்பிங்குக்கு (ஓரத்தில் மெல்லிய பட்டி வைத்துத் தைப்பது) 25 நிமிடம் ஆனால் 70 ரூபாயும் பொருளும். பிரின்சஸ் கட்டுக்கு (முன்பக்கத்தை நீளத் துண்டுகளாக வெட்டி இணைப்பது) அரை மணி கூடினால் 85. வெல்வெட்டும் ஜார்ஜெட்டும் வழுக்குவதால் நேரம் தின்னும், தனி விலை வையுங்கள். ஆரி ஒர்க்கை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) “கைக்கு இவ்வளவு” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். டிசைனைப் பார்த்து எத்தனை மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டு, பாசிமணி, ஜரி, கல் விலையைச் சேர்த்துச் சொல்லிப் பாதி முன்பணம் வாங்குங்கள். தைப்பதற்கு முன்பே துணியில் போடும் வேலை அது, பாதியில் மனம் மாறினால் நஷ்டம் முழுக்க உங்களுடையது. பட்டுப்புடவையோடு வரும் பிளவுஸ் பிட் கெட்டால் அதே துணி வேறு கிடைக்காது. ஆகவே அளவு பிளவுஸ் வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்து இறக்கம், கை நீளம், டெலிவரி தேதி, கூலி நான்கையும் பில்லில் எழுதி, ஒரு நகலை அவர்களிடம் கொடுங்கள்.

வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் வரி போட்டு வசூலிக்கவும் கூடாது.

அவசரத்துக்கு 100 ரூபாய் கூடுதல், அதுவும் நாளுக்கு இரண்டு உருப்படி மட்டும். தீபாவளிக்கு எந்தத் தேதியோடு துணி வாங்குவதை நிறுத்துகிறீர்கள் என்பதை ஒரு மாதம் முன்பே எழுதிப் போடுங்கள். கூலியை உயர்த்துவதானால் தீபாவளி டெலிவரி முடிந்த பிறகு உயர்த்துங்கள். அதற்கு முன் வாங்கி வைத்த துணிக்குப் பழைய கூலியே.