ஆஸ்துமாவுக்கு இழுக்கும் பம்பை கொரோனாவுக்குப் பயந்து நிறுத்தலாமா?

கேள்வி: காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வயது 44. பல வருடங்களாக ஆஸ்துமா. காலையும் இரவும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த பம்ப் இழுத்துவந்தேன். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், வாரா வாரம் வருவான். அவனுடன் அறையில் தங்கியிருக்கும் பையனுக்கு கொரோனா. பம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது, எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று உறவினர்கள் சொன்னதால் ஒரு வாரமாக நிறுத்திவிட்டேன். இப்போது ராத்திரியில் இருமல். கொரோனாவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதல் வேலையாக பம்பை மறுபடி ஆரம்பியுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அதே அளவு, காலையும் இரவும். உங்கள் இருமலுக்குப் பெரும்பாலும் காரணம், ஒரு வாரமாக மருந்து போகாததால் மூச்சுக்குழாய் மறுபடி வீங்கத் தொடங்கியிருப்பதுதான்.

ஆஸ்துமா இருந்தாலே கொரோனா ஆளைச் சாய்த்துவிடும் என்ற பயம் 2020-ல் மருத்துவர்களான எங்களுக்கும் இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் தெளிவாகவே சொல்கின்றன: கட்டுக்குள் இருக்கிற சாதாரண ஆஸ்துமாக்காரர்களுக்கு கொரோனாவால் சாகும் ஆபத்து மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகம் இல்லை. ஆபத்து கூடுவது, இளைப்பு முற்றி அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க வேண்டிவந்தவர்களுக்கு. அதாவது நோய் கட்டுப்பாட்டை இழந்தவர்களுக்கு. பம்பை நிறுத்தினால் நீங்களே அந்த வரிசையில் போய் நிற்கிறீர்கள்.

பம்ப் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரை மில்லிகிராம் கணக்கில் ரத்தம் வழியாக உடம்பு முழுவதும் போகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2021-ல் இதே புடசோனைடை, வீட்டில் இருந்த வயதான கொரோனா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 3 நாள் முன்னதாகத் தேறினார்கள். அதற்காக ஆஸ்துமா இல்லாதவர்கள் வாங்கி இழுக்க வேண்டாம். ஆனால் உங்களை அது கவிழ்க்காது என்று நம்பலாம். எனக்குக் கவலையெல்லாம், மெடிக்கலில் 'வீசிங் மாத்திரை' என்று கேட்டு, சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் பழக்கத்தைப் பற்றித்தான். அந்தப் பொட்டலத்தில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, பம்பை எப்படி இழுக்கிறீர்கள்? நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். பம்பின் வாயை உதட்டால் இறுக்கி மூடி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்துங்கள். 10 விநாடி அடக்கிவிட்டு விடுங்கள். அடுத்த அழுத்தம் அரை நிமிடம் கழித்து. ஸ்பேசர் (பம்போடு பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) வைத்து இழுத்தால் மருந்து தொண்டையில் படிவது குறையும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றிலேயே உலர விடுங்கள். துடைத்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இது கொரோனாவா என்று இருமலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காய்ச்சல், உடம்புவலி, தொண்டைவலி, வாசனை தெரியாமல் போவது எல்லாம் தொற்றின் பக்கம் காட்டுகின்றன. இரவிலும் விடியற்காலையிலும் விசில் சத்தம், புளி உடைக்கும்போது கிளம்பும் தூசியில் கூடுவது, நீலப் பம்ப் (இளைப்பை உடனே தணிக்கும் அவசரப் பம்ப்) இழுத்த 15 நிமிடத்தில் தணிவது என்றால் ஆஸ்துமாவின் பக்கம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் மகனுக்கோ உங்களுக்கோ காய்ச்சல் வந்தால் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை அவன் வரும்போது இருவரும் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கிருமி சாகட்டும் என்று வீட்டுக்குள் பிளீச்சிங் பவுடர் தெளிப்பது, சாம்பிராணி போடுவது, கற்பூரம் போட்டு ஆவி பிடிப்பது மூன்றுமே உங்கள் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். தொற்று உறுதியானால் வீட்டில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் கருவி) முடிந்தவரை வேண்டாம், அதனால் வைரஸ் அறையில் பரவக்கூடும். ஸ்பேசரில் நீலப் பம்ப் போதும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடுங்கள். மற்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். தடுப்பூசிக்கு ஆஸ்துமா ஒரு தடையே இல்லை. ஃப்ளூ ஊசியும் வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது நல்லது.

நீலப் பம்ப் 4 மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, அல்லது விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 94-க்குக் கீழே காட்டுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்கு அழையுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் அவசர சிகிச்சை உண்டு. போகும்போது நீலப் பம்பை இழுத்துக்கொண்டே போங்கள். இரண்டு பம்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், என்ன மருந்து என்று அங்கே கேட்பார்கள்.