கோபம் சரி, முகவரி தப்பு

கேள்வி: ஸ்பெயினில் கொர்தோபா பெரிய மசூதியைப் பார்த்துவிட்டு வந்தேன். தூண்களுக்கு நட்டநடுவே ஒரு தேவாலயத்தைக் கட்டி வைத்திருப்பதைக் கண்டு வயிறெரிந்தது. கிறிஸ்தவர்கள் ஓர் அதிசயத்தை அழித்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? முஸ்லிம்களிடமே அதைத் திருப்பிக் கொடுப்பதுதானே நியாயம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அழித்துவிட்டார்கள் என்றால், டிக்கெட் வாங்கி உள்ளே போய் நீங்கள் எதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள்? 850-க்கும் மேற்பட்ட தூண்கள் இன்னும் நிற்கின்றன. பைசாந்தியப் பேரரசர் அனுப்பிவைத்த கைவினைஞரையும் கண்ணாடிச் சில்லுகளையும் கொண்டு 10ஆம் நூற்றாண்டில் இழைத்த மிஹ்ராப், அதாவது தொழும் திசையைக் காட்டும் மாடம், இன்னும் தகதகக்கிறது.

அழிந்த மசூதியைப் பார்க்க வேண்டுமானால் செவில் போயிருக்க வேண்டும். 1248-ல் அந்த ஊரை முஸ்லிம்களிடமிருந்து பிடித்த கிறிஸ்தவர்கள் அங்கிருந்த பெரிய மசூதியை ஒன்றரை நூற்றாண்டு தேவாலயமாக வைத்திருந்துவிட்டு, 1401-ல் இடித்துப் புதிதாகக் கட்ட முடிவெடுத்தார்கள். ஹிரால்டா என்கிற மினாரும் ஆரஞ்சு மர முற்றமும்தான் மிச்சம். தொலேதோவின் பெரிய மசூதிக்கு அதுவும் வாய்க்கவில்லை. அதை இடித்த இடத்தில்தான் இன்றைய கதீட்ரல் நிற்கிறது.

அதே தொலேதோவில் ஒரு குட்டி மசூதி மட்டும் தப்பியது. ஏறத்தாழ 8 மீட்டர் சதுரம், உள்ளே நாலே தூண். அவை பிரிக்கும் ஒன்பது கட்டங்களுக்கும் ஒன்பது விதமான கூரை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. அஹ்மத் இப்னு ஹதீதி என்பவர் சொந்தப் பணத்தில் கட்டியது என்று முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி அரபியில் எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 390, அதாவது 999. 12ஆம் நூற்றாண்டில் அதைக் கிறிஸ்தவச் சிற்றாலயமாக்கி, பீடத்துக்காக ஓர் அரைவட்ட அறையை ஒட்டினார்கள். அதுவும் செங்கல்தான், அதே அரபுக் கைவரிசைதான். 1899-ல் முகப்பைச் சீர்செய்தபோதுதான் அந்த எழுத்து மறுபடி வெளியே வந்தது. தொழுகை நின்று 800 ஆண்டு ஆன பிறகும் கட்டடம் நிற்கிறது என்றால், அங்கே பூசை நடந்ததுதான் காரணம்.

கொர்தோபாவுக்கு வருவோம். கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ அந்த ஊரைப் பிடித்தது 1236-ல். உடனேயே மசூதி தேவாலயமாகிவிட்டது. ஆனால், நீங்கள் பார்த்து எரிச்சல்பட்ட அந்த நடுக்கட்டடம் தொடங்கியது 1523-ல். இடையில் 287 ஆண்டுகள். அத்தனை காலமும் அங்குமிங்கும் பீடங்களையும் சிற்றாலயங்களையும் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளுக்கு அடியில்தான் பெரும்பாலும் பூசை நடந்தது. ஊரில் மிஞ்சிய முஸ்லிம் கொத்தனார்களும் தச்சர்களும் ஆண்டுக்கு இரண்டு நாள் அந்தக் கட்டடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் அரசர் உத்தரவே போட்டார். கட்டாய வேலைதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டடத்தைக் காத்த கை யாருடையது என்று தெரிகிறதல்லவா?

அந்த வளைவுகள் ஏன் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு என்று கவனித்தீர்களா? 785 வாக்கில் உமையா வம்சத்து அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியபோது புதுத் தூண் செதுக்கவில்லை. பழைய ரோமானியக் கட்டடங்களிலும், முஸ்லிம்களுக்கு முன் ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலும் இருந்த தூண்களைக் கொண்டுவந்து நட்டார்கள். எல்லாம் குட்டை, உயரமும் ஒத்துப்போகவில்லை. அத்தனை பெரிய கூடத்துக்கு அவ்வளவு தாழ்வாகக் கூரை போட்டால் மூச்சுமுட்டும். அதனால் தூண்மேல் ஒரு கட்டைத்தூண், தூணுக்குத் தூண் ஒரு வளைவு, அதற்கும் மேலே கூரையைத் தாங்க இன்னொரு வளைவு. செங்கல் ஒன்று, கல் ஒன்று என்று மாற்றிமாற்றி வைத்ததில் வந்ததுதான் சிவப்பும் வெள்ளையும். 987-ல் கலீபாவின் முதலமைச்சர் அல்மன்சூர் கிழக்குப் பக்கம் விரிவாக்கியபோது அவ்வளவு பொறுமை இல்லை. எல்லாம் கல்லிலேயே கட்டிவிட்டுச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அடுத்த முறை போனால் கிட்டப்போய்ப் பாருங்கள்.

இப்போது 1523. ஆயர் அலோன்சோ மன்ரிக்கே நடுவே இடித்துக் கதீட்ரல் கட்டுவேன் என்றார். எதிர்த்தது யார் தெரியுமா? கொர்தோபா நகரசபை. அதில் இருந்தவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள். கொத்தனாரோ தச்சரோ கூலியாளோ எவனாவது அங்கே கைவைத்தால் மரண தண்டனை, சொத்தும் பறிமுதல் என்று ஆணை போட்டார்கள். இடிக்கப்போவதை அதே நேர்த்தியோடு மறுபடி கட்டவே முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போனது. அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிற்பாடு நேரில் வந்து பார்த்துவிட்டு, 'எங்கும் இருப்பதைக் கட்ட எங்கும் இல்லாததைக் கெடுத்துவிட்டீர்களே' என்று நொந்துகொண்டாராம். சொன்னாரோ இல்லையோ, நல்ல வசனம். கிரனாதாவில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா மாளிகை வளாகத்துக்குள் தனக்கென ஓர் அரண்மனை எழுப்பச் சொன்னவரும் இதே பேரரசர்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆக, உங்கள் கோபத்தை ஓர் ஆயர்மீதும் ஓர் அரசர்மீதும் காட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 'கிறிஸ்தவர்கள்' என்று மொத்தமாகச் சொன்னால், அந்தக் கட்டடத்துக்காக அரசவை வரை போன கொர்தோபாக்காரர்களையும் சேர்த்துத் திட்டுகிறீர்கள்.

திருப்பிக் கொடுப்பது பற்றி. யாரிடம்? அதைக் கட்டிய உமையாக்களின் கலீபா ஆட்சி 1031-லேயே முடிந்துவிட்டது. ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழிவந்தவர்களை 1609 முதல் 1614 வரை நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். 'முதலில் இருந்தது எது' என்று கணக்கெடுத்தால் ஆயர் தரப்பு சும்மா இருக்குமா? மசூதிக்கு முன்னால் அங்கே புனித வின்சென்ட் தேவாலயம் இருந்தது என்பார்கள். அதற்கு ஆதாரம் போதுமா என்று தொல்லியலாளர்களுக்குள் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. பழிக்குப் பழி வாங்கியும் பார்த்தாயிற்று. 997-ல் அல்மன்சூர் வடக்கே சந்தியாகோ என்னும் ஊரின் தேவாலய மணிகளைப் பிடுங்கி, கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கொர்தோபாவுக்குக் கொண்டுவந்து மசூதி விளக்காக்கினார். 1236-ல் ஃபெர்னாந்தோ அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார் என்கின்றன வரலாற்றேடுகள். மணி ஊர் போய்ச் சேர்ந்தது. சுமந்தவனுக்கு என்ன கிடைத்தது?

வயிறெரிய வேண்டியது வேறொன்றுக்கு. சர்வாதிகாரி பிராங்கோ காலத்துச் சட்டம் ஒன்று, ஆயரின் சான்றிதழ் இருந்தால் போதும், திருச்சபை ஒரு சொத்தைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம் என்றது. வழிபாட்டு இடங்களுக்கு மட்டும் இருந்த தடையையும் 1998-ல் நீக்கினார்கள். 2006-ல் கொர்தோபா மறைமாவட்டம் மொத்தக் கட்டடத்தையும் தன் பெயரில் பதிந்துகொண்டது. கட்டணம் 30 யூரோ. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கட்டடம்! அந்தச் சட்டச் சலுகை 2015-ல் ரத்தானது. பழைய பதிவு அப்படியே இருக்கிறது. ஊர்க்காரர்களில் பலர் இன்னும் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் பணம் பேராலயக் குருக்கள் மன்றத்துக்குப் போகிறது, நீங்கள் கொடுத்ததும் சேர்த்து. உள்ளே தொழ அனுமதி கேட்ட ஸ்பானிய முஸ்லிம்களுக்கு ஆயர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

என்னைக் கேட்டால், பூசை அங்கேயே நடக்கட்டும், சொத்துப் பத்திரம் பொதுவில் இருக்கட்டும். தொழுகைக்கும் ஒரு மூலை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? 180 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலமுள்ள இடம் அது.