14 எம்.எம். லென்சில் ஒரு மூலை மட்டும் இழுபட்டால்

14 எம்.எம். லென்ஸில் இரவு வானத்தை எடுத்தால் ஒரு மூலை மட்டும் ஏன் இழுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் எடுத்த படத்தில் வலது மேல் மூலை நட்சத்திரங்கள் மட்டும் வால் முளைத்தது போல இருப்பதாகச் சொல்கிறீர்கள். கோமா (ஓரத்தில் ஒளிப்புள்ளிகள் உருக்குலைந்து நீளும் லென்ஸ் குறை) என்றால் நான்கு மூலையிலும் சிறகு விரித்த மாதிரி ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். ஒரு மூலை மட்டும் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கலாம்.

சோதிக்க, லென்ஸ் துளையை எஃப் 2.8-ல் வைத்து, ஷட்டரை 5 விநாடி மட்டும் திறந்து வையுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், அதிகம் நகராத துருவ நட்சத்திரமே நம் வானத்தில் 8 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தலைக்கு மேல் போகிற நட்சத்திரங்கள் வேகமாக நகரும், 20 விநாடியில் அவையே கோடாகிவிடும். லைவ் வியூவை (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) பெரிதாக்கி, பிரகாசமான ஒன்றை நடுவில் கூர்மையாக்குங்கள். ஃபோகஸைத் தொடாமல் அதே நட்சத்திரத்தை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் எடுங்கள். அப்புறம் கேமராவைத் தலைகீழாக்கி ஒன்று. அப்போதும் படத்தின் அதே மூலை கெட்டால் வானத்தின் மேல் பழி இல்லை.

ஆனால் கடற்கரையில் வேண்டாம். அரைமணி நேரத்தில் கண்ணாடியில் உப்பு ஈரம் படிந்து, எல்லா நட்சத்திரமும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கடலை விட்டு உள்ளே, பேச்சிப்பாறை அணைப் பக்கம் போய் எடுத்துப் பாருங்கள். கடைக்கு அனுப்பும் முன், லென்ஸ் மவுண்டில் (கேமராவில் லென்ஸைப் பொருத்தும் வளையத்தில்) சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.